மருந்துச் சீட்டு கை மாறும் வரை

மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 35 வயது. மூன்று முறை கரு வைத்து, மூன்றாவது முறைதான் தங்கியிருக்கிறது. 33 வயதில் எடுத்த முட்டையில் உருவாக்கி, ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்திருந்த "ஐந்தாம் நாள் கரு". ஒன்றுதான் வைத்தார்கள். இப்போது 8 வாரம் முடிந்திருக்கிறது. ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, "இனிமேல் இங்கே வர வேண்டியதில்லை, பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் போகலாம்" என்று கருத்தரிப்பு மையத்தில் அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் கை குலுக்கி வாழ்த்தினார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. புது டாக்டரிடம் 16 நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. காலையும் இரவும் வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும், சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் 6 நாளைக்குத்தான் இருக்கின்றன. எதுவரை எடுப்பது என்று கேட்க மறந்துவிட்டேன். மையத்துக்கு ஃபோன் செய்தால், "இனி உங்கள் மகப்பேறு டாக்டரைத்தான் கேட்க வேண்டும்" என்கிறார்கள். அங்கே கேட்டால், "டாக்டர் உங்களைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது" என்கிறார்கள். இந்த 16 நாளைக்கு நான் யாருடைய பேஷன்ட்?
– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே, "மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மையத்தில் இன்றே சீட்டு வாங்குங்கள்" என்று இரண்டு வரி தனியாக அனுப்பியிருந்தேன். வாங்கிவிட்டேன் என்று நீங்கள் பதில் போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆனால் இதே கேள்வியோடு என் அறைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அதனால் மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

யாருடைய பேஷன்ட் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியாக உங்களுக்கு மருந்து எழுதியவர் யாரோ, அவருடைய பேஷன்ட். அடுத்த டாக்டர் உங்களைப் பார்த்து, தன் கையால் ஒரு சீட்டு எழுதும்வரை பொறுப்பு பழைய இடத்தில்தான். வாழ்த்துச் சொல்லி வழியனுப்பிவிட்டதால் அது முடிந்துபோகாது. இதைச் சண்டையாகச் சொல்லத் தேவையில்லை. ஃபோனில் "என்ன செய்யட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், எடுப்பவருக்கு அடுத்த இடத்தைக் கைகாட்டத்தான் தோன்றும். "என் மாத்திரை இந்தத் தேதியோடு தீர்கிறது. புது டாக்டரைப் பார்ப்பது இந்தத் தேதியில். நடுவில் 10 நாளைக்குச் சீட்டு வேண்டும். எதுவரை எடுப்பது, எப்படிக் குறைப்பது என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்" என்று தேதியோடு கேளுங்கள். தேதி சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் சீட்டு வந்துவிடும்.

மாத்திரையில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இயல்பாகக் கருத்தரிக்கும்போது, முட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் திசு உருவாகும். கார்பஸ் லூட்டியம் என்போம். முதல் சில வாரங்களுக்குக் கர்ப்பத்தைத் தாங்குகிற புரோஜெஸ்டிரோன் அதிலிருந்துதான் சுரக்கிறது. சுமார் 7 முதல் 10 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார்செய்து கரு வைத்திருக்கிறார்கள். அந்த மாதம் முட்டையே வெளியேறியிருக்காது. அப்படியென்றால் அந்த மஞ்சள் திசுவும் இல்லை. நஞ்சுக்கொடி தயாராகும்வரை உங்கள் கர்ப்பத்துக்குக் கிடைக்கும் புரோஜெஸ்டிரோன் முழுக்க முழுக்க நீங்கள் வைக்கும் மாத்திரையிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் மையங்கள் கொஞ்சம் தாராளமாகவே நாள் வைத்து, 10 முதல் 12 வாரம் வரை தொடரச் சொல்கின்றன. இதே உறைகரு, மருந்தில்லாமல் இயற்கையான சுழற்சியில் வைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அங்கே உடம்பே சுரக்கிறது, மாத்திரை ஒரு துணைதான். உங்களுடையது எந்த வகை என்று புது டாக்டருக்கு உங்கள் முகத்தைப் பார்த்துத் தெரியாது. தாளில் இருந்தால்தான் தெரியும்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மையத்தை விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கொண்டு வருகிறார்கள். ஒன்று, கடைசி ஸ்கேன் படம் மட்டும். இல்லாவிட்டால் நாலைந்து வருஷத்து ஃபைல் மொத்தமும். பை நிறையத் தூக்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் என்னையே பார்ப்பார்கள். முதல் நாளில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். முட்டை எடுத்த தேதி, அன்று உங்கள் வயது, கரு வைத்த தேதி, அது எத்தனையாவது நாள் கரு, எத்தனை வைத்தார்கள், எந்த வகைச் சுழற்சி, கர்ப்பத்தை உறுதிசெய்த பீட்டா ரத்தப் பரிசோதனை அளவுகள், ஒவ்வொரு ஸ்கேனிலும் கருவின் நீளம், இப்போது எடுக்கும் மருந்துகளும் அவற்றின் அளவும். ரத்த வகை, தைராய்டு, ஹெபடைடிஸ், ரூபெல்லா முடிவுகளின் நகல்களைப் பின்னால் வைத்துவிட்டால், அதே ரத்தத்தை மறுபடி எடுக்கும் வேலை பாதி குறையும். மையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி என்று கேட்டால் தருவார்கள். தாமதமானால் நீங்களே ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கையெழுத்து எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

கரு வைத்த தேதியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விட்டுவிடாதீர்கள். இதை நான் என் தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். பல வருஷங்களுக்கு முன்னால், உங்களைப் போலவே உறைகரு வைத்த ஒருவர் வந்தார். வழக்கம்போல, "கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?" என்று கேட்டேன். தேதி சொன்னார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை நான் கவனிக்காமல், தேதியை எழுதிக்கொண்டு பிபி பார்க்கப் போய்விட்டேன். கடைசி மாதத்தில், "தேதி தாண்டிவிட்டது, வலி வர மருந்து வைக்கலாம்" என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய கணவர் மணிபர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, செலோ டேப் ஒட்டியிருந்தது. கரு வைத்த அன்று ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு. 9 மாதம் அதைப் பர்ஸிலேயே வைத்திருந்திருக்கிறார். அதிலிருந்து கணக்குப் போட்டால் 8 நாள் பாக்கி இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு மருந்து வைக்கத் தேவையே வரவில்லை, தானாக வலி வந்தது. அன்றிலிருந்து என் அறையில், "இயல்பாகத் தங்கியதா, சிகிச்சையிலா?" என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு எளிது. கருத்தரிப்பதற்கு 2 வாரம் முன்பிருந்தே கர்ப்பத்தை எண்ணுவது வழக்கம். அதனால் ஐந்தாம் நாள் கரு வைத்தால், வைத்த அன்றே 2 வாரம் 5 நாள் என்று எண்ண வேண்டும். பிரசவத் தேதி அன்றிலிருந்து 261-ஆவது நாள். மூன்றாம் நாள் கரு என்றால் 263. உதாரணமாக, ஒருவருக்கு மார்ச் 10-இல் ஐந்தாம் நாள் கரு வைத்திருந்தால் நவம்பர் 26. அவருக்குப் பிப்ரவரி 14-இல் மாதவிலக்கு வந்திருந்தது என்று அந்தத் தேதியை வைத்துக் கணக்கிட்டால் நவம்பர் 21 வரும். கருப்பையின் உட்சுவர் தயாராக ஒருவருக்கு 2 வாரம் ஆகும், இன்னொருவருக்கு 3 வாரம் ஆகும். அதனால்தான் இந்த வித்தியாசம். ஆரம்பத்தில் 5 நாள் பெரிதாகத் தெரியாது. என்.டி. ஸ்கேன் (கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளப்பது) 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். அங்கேயும், கடைசி வாரங்களிலும் அந்த 5 நாள் கனக்கும்.

அந்த என்.டி. ஸ்கேனோடு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஒரு படிவம் தருவார்கள். வயது என்ற இடத்தில் 35 என்று எழுதிவிட்டு மேலே போய்விடாதீர்கள். கருவின் முட்டை 33 வயதில் எடுத்தது. குரோமோசோம் பிரச்சினைக்கான கணக்கு முட்டையின் வயதைப் பொறுத்தது. ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறை) என்பதையும் குறிப்பிடுங்கள், ஏனென்றால் அந்த ரத்தத்தில் பார்க்கும் பொருள்களில் ஒன்று ஐ.வி.எஃப். கர்ப்பங்களில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இரண்டையும் சொல்லாவிட்டால், ஒன்றுமில்லாத இடத்தில் "ரிஸ்க் அதிகம்" என்று ஒரு தாள் வந்து உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும். (இரண்டு கரு வைத்து, இரண்டு பை தெரிந்து, பிறகு ஒன்று மறைந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனையை அது குழப்பும்.)

மற்ற மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டீராய்டு மாத்திரை சில வாரங்களாக எடுத்துவந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி எதற்காகத் தொடங்கப்பட்டது என்ற காரணம் எழுத்தில் வேண்டும். காரணம் தெரியாவிட்டால், அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று புது டாக்டரால் முடிவெடுக்க முடியாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பத்தில் அளவு கூட்ட வேண்டிவரும். 16 நாள் காத்திருப்பதற்குள் ஒரு டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபோலிக் ஆசிடை ஒரு நாள்கூட விட வேண்டாம்.

அப்புறம் அந்த அழுகை. அதை மருந்துப் பட்டியலுக்குக் கீழே தள்ளிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மையத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம், வாரம் ஒரு ஸ்கேன், எப்போது கேட்டாலும் பதில் சொல்ல ஒரு நர்ஸ். இங்கே, "சரி, நாலு வாரம் கழித்து வாருங்கள்" என்று ஒரே வரி. இத்தனை காலம் கண்ணெதிரிலேயே வைத்துக் காத்த ஒன்றை, திடீரென்று பார்க்காதே என்று சொன்னது போலத்தான் இருக்கும். நாலு வாரம் என்பது அலட்சியம் இல்லை, நன்றாகப் போகும் கர்ப்பத்துக்கு ஆரம்பத்தில் அதுதான் இயல்பான இடைவெளி. ஆனாலும் உங்களைப் போன்றவர்களுக்கு 9 அல்லது 10 வாரத்தில் ஒரு சின்ன ஸ்கேன் எடுத்துக் காட்டிவிடுவேன். மருத்துவ ரீதியாக அவசியமா என்றால், பெரும்பாலும் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுந்து போகும் நடையே வேறாக இருக்கும். நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். துடிப்பு கேட்கிற டாப்ளர் கருவியை மட்டும் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். 9 வாரத்தில் அதில் கேட்காது. கேட்கவில்லை என்று நள்ளிரவில் பதறி ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

ஆரம்பத்தில் இந்தப் பிரிவே கிடையாது, தெரியுமா? 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் உலகின் முதல் ஐ.வி.எஃப். குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, தாய் லெஸ்லியின் முட்டையை எடுத்த டாக்டர் பாட்ரிக் ஸ்டெப்டோவின் குழுவேதான் சிசேரியனும் செய்தது. ராபர்ட் எட்வர்ட்ஸும் ஜீன் பர்டியும் ஆய்வகத்தில் கருவைப் பார்த்துக்கொண்டார்கள். மொத்தம் ஒரே குழு. பிறகு இரண்டும் தனித்தனித் துறையாக வளர்ந்துவிட்டன. கருவாக்குவதில் தேர்ந்தவர் பிரசவ அறைக்குப் போவதில்லை, எனக்கோ கருவாக்கும் ஆய்வகத்தில் வேலை இல்லை. நடுவில் இருக்கும் அந்த வாசலைத்தான் நீங்கள் இப்போது கடக்கிறீர்கள்.

லெஸ்லிக்குக் கடைசியில் ரத்தக்கொதிப்பு ஏறியது. அதுவும் உங்களுக்குப் பொருந்துகிற விஷயம். ஐ.வி.எஃப். கர்ப்பங்களில், அதிலும் மாத்திரை கொடுத்துத் தயார்செய்த உறைகரு சுழற்சியில், பிபி ஏறும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். முதல் நாளிலேயே புது டாக்டரிடம், "எனக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா?" என்று கேளுங்கள். தேவை என்றால் 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

"பிரஷியஸ் பேபி, ரிஸ்க் எடுக்க வேண்டாம், நேராகச் சிசேரியன்" என்று முதல் நாளே யாராவது சொன்னால், அந்த டாக்டரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். எங்கள் துறையில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஐ.வி.எஃப். என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. படுத்தே இருக்கவும் வேண்டாம். படுத்திருப்பது கரு தங்க உதவாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

காத்திருக்கும் நாட்களில் பழுப்பாக லேசான கசிவு இருந்தால் மையத்துக்குத் தெரிவியுங்கள். வைக்கும் மாத்திரையின் உறுத்தலால்கூட அப்படி வரலாம். பேட் நனைகிற அளவுக்கு ரத்தம், ஒரு பக்கம் தாங்க முடியாத வயிற்று வலி, தோள்பட்டையில் காரணமில்லாத வலி, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல் – இவற்றில் ஒன்று வந்தாலும் எந்த டாக்டருக்கும் ஃபோன் செய்து காத்திருக்காதீர்கள். பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போகும்போது அந்த ஒரு பக்கத் தாள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்களுடையது தானமாகப் பெற்ற முட்டை. எங்கள் இருவரையும் மையத்தையும் தவிர வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. இப்போது டாக்டரை மாற்றப் போகிறோம். ஐ.வி.எஃப். என்று மட்டும் சொன்னால் போதாதா? என் மனைவிக்கு இதைத் திரும்பச் சொல்வதே வேதனையாக இருக்கிறது.
– ஒரு கணவர்

பதில்: போதாது. உங்கள் தயக்கம் புரிகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தானமுட்டைக் கர்ப்பத்தில் பிபி ஏறும் வாய்ப்பு இன்னும் கூடுதல், அதற்கேற்ப நாங்கள் கண்காணிப்பை மாற்றுவோம். நான் முன்பு சொன்ன பரிசோதனைப் படிவத்தில் முட்டை கொடுத்தவரின் வயதைத்தான் எழுத வேண்டும். மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் சில பரிசோதனைகளில், தானமுட்டை என்று தெரிந்தால்தான் சரியான முறையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. கணவன் மனைவி இருவருக்கும் நெகட்டிவ் ரத்தம் என்றால், குழந்தையும் நெகட்டிவாகத்தான் இருக்கும் என்று வைத்து, ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்தை நெகட்டிவ் தாயின் உடம்பு எதிர்க்காமல் தடுப்பது) வேண்டாம் என்று விட்டுவிடுவதுண்டு. முட்டை கொடுத்தவர் பாசிட்டிவ் என்றால் அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

சொல்லும் விதத்தை உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் சந்திப்புக்கு நீங்கள் இருவர் மட்டும் போங்கள். உங்கள் மனைவி வாயால் சொல்ல வேண்டியதில்லை. மையத்தின் கடிதத்தை மூடிய உறையில் டாக்டரிடம் கொடுத்து, "இது நம் மூவருக்குள் இருக்கட்டும். கையில் கொடுக்கும் ஃபைலில் எழுத வேண்டாம்" என்று நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் இப்படி வந்தவர்களின் விவரத்தை நான் தனிக் குறிப்பேட்டில் வைத்துக்கொள்வேன். செக்கப்புக்கு அம்மாவோ அக்காவோ கூட வரும் நாட்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்க மாட்டேன். கூட யாராவது இருக்கும்போது எதைக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்களுக்கும் உதவி.

கேள்வி: மையத்தில் இன்னும் மூன்று கரு உறைய வைத்திருக்கிறோம். டாக்டரை மாற்றிய பிறகு அங்கே போகவே வேண்டாமா?
– வாசகி

பதில்: சிகிச்சைக்குப் போக வேண்டாம், தொடர்பை விட்டுவிடவும் வேண்டாம். பாதுகாப்புக் காலம் எப்போது முடிகிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பார்த்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த பிறகு அது நினைவில் இருக்காது. முகவரியோ ஃபோன் நம்பரோ மாறினால் அவர்களுக்குத் தெரிவியுங்கள். பிரசவம் ஆனதும், பிறந்த தேதி, எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அது அவர்களுடைய பதிவேட்டுக்குத் தேவை. உங்கள் கருவைக் கண்ணாடித் தட்டில் பார்த்துக்கொண்டவர்களுக்கும் அது சந்தோஷம்.

கேள்வி: எனக்கு ஐ.வி.எஃப். இல்லை, மாத்திரை கொடுத்து ஐ.யு.ஐ. (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) செய்தார்கள். நானும் இதெல்லாம் சொல்ல வேண்டுமா?
– வாசகி

பதில்: உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. ஐ.யு.ஐ. செய்த நாளை 2 வாரம் என்று எண்ணினால் சரியாக இருக்கும். பிரசவத் தேதி அன்றிலிருந்து 266-ஆவது நாள். முட்டை வளர மாத்திரையோ ஊசியோ எடுத்ததைச் சொல்லுங்கள், ஏனென்றால் இரட்டைக் குழந்தைக்கான வாய்ப்பு அதில் கூடும். முதல் ஸ்கேனில் ஒரு பையா இரண்டா என்று டாக்டர் கவனித்துப் பார்ப்பார். புரோஜெஸ்டிரோன் எழுதியிருந்தால், எதுவரை என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.